படுக்கைக்கு அடியில் ஒரு பர்னஸ்: பாலைவனக் குளிர்காலங்களுக்குப் பிறகு

நாங்கள் குளிர்காலம் முழுக்கத் தங்கும் டிரெய்லர் வீட்டைச் சூடாக்கும் புரொப்பேன் ஹீட்டர், அதாவது பர்னஸ், சரியாகிவிட்டது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரில், வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றி, கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். இப்போது தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் ஒரு நிமிடத்துக்குள் சூடான காற்று வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நேற்று இரவு மூன்று மணிக்கு மறுபடி அது ஓடும் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வீடு மிச்சிகனில். அங்கே பனி விழ ஆரம்பித்ததும் பிக்கப்பில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு தென்மேற்கே கிளம்பிவிடுவோம். அரிசோனா, கலிபோர்னியாவின் தெற்குப் பக்கம், நியூ மெக்சிகோ என்று சுற்றிவிட்டு ஏப்ரலில் திரும்புவோம். டிரெய்லரின் நீளம், எடை, டேங்க் அளவு எல்லாம் கம்பெனி விளம்பரத்திலேயே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன். கூரை ஒருமுறைகூட ஒழுகியதில்லை. புரொப்பேனில் ஓடும் ஃபிரிட்ஜ் சத்தமே இல்லாமல் வேலை செய்கிறது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து ஜன்னல் பெரியது. காலையில் காப்பியோடு அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் குறை முழுவதும் அந்தப் பர்னஸ் இருக்கும் இடத்தைப் பற்றியது. கட்டிலுக்கு அடியில், என் மனைவியின் தலையணைக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள்.

பாலைவனத்தில் ஹீட்டர் எதற்கு என்று ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஜனவரியில் குவார்ட்ஸைட் பக்கம் பகலில் 65, 70 பாரன்ஹீட் இருக்கும், அரைக்கைச் சட்டை போதும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய அரை மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். காற்றில் ஈரம் இல்லை, வானத்தில் மேகம் இல்லை; பகலெல்லாம் தரை வாங்கிவைத்த சூடு தடுப்பார் இல்லாமல் மேலே போய்விடுகிறது. விடியற்காலையில் 35 பாரன்ஹீட்டுக்கு வந்துவிடும். சில நாள் உறைநிலையான 32-க்கும் கீழே போகும். டிரெய்லர் சுவரின் கனம் இரண்டு அங்குலம்கூட இல்லை. அதனால் பர்னஸ் இல்லாமல் முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சத்தம் வரும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் தெர்மோஸ்டாட்டில் ஒரு ‘டிக்’. உடனே மின்விசிறி எழும்பி, சில நொடிகளில் முழு வேகத்துக்குப் போகும். பதினைந்து நொடி வெறும் காற்று. அப்புறம் கேஸ் திறந்து, பொறி தட்டி, ‘டப்’ என்று தீப்பிடிக்கும். அந்த ‘டப்’பில் கட்டில் பலகை அதிர்வது முதுகில் தெரியும். ஐந்தாறு நிமிடம் ஓடி, தீ அணைந்த பிறகும் உள்ளே இருக்கும் சூடு போவதற்காக விசிறி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். கால் மணி நேரத்தில் மறுபடி ‘டிக்’. இரவு முழுக்க இப்படித்தான். போனில் இருக்கும் ஆப்பை வைத்துத் தலையணைப் பக்கம் அளந்தேன், 60 டெசிபெலைத் தாண்டியது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து இயல்பாகப் பேசினால் எவ்வளவோ அவ்வளவு.

ஊருக்குள் இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. மிச்சிகன் வீட்டிலும் பர்னஸ் ஓடத்தான் செய்கிறது, அடித்தளத்தில் எங்கேயோ. ஆனால் மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கும் ஆர்கன் பைப் காக்டஸ் தேசிய நினைவிடத்தில் ஒரு இரவு தங்கிப் பாருங்கள். அங்கே கரண்ட் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டரும் குறிப்பிட்ட நேரங்களில்தான் ஓடலாம். எட்டு மணிக்கெல்லாம் கேம்ப்கிரவுண்ட் அடங்கிவிடும். வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மணிக்கணக்காக ஒரு சத்தமும் இருக்காது. எங்கேயோ ஒரு கொயோட்டி, நம்மூர் நரி மாதிரி ஒன்று, ஊளையிடும், இன்னொன்று பதில் கொடுக்கும், மறுபடி ஒன்றும் இல்லை. நகரத்து வெளிச்சம் இல்லாத வானத்தில் ஒரையன் நட்சத்திரக் கூட்டம் எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதற்காகத்தான் இரண்டாயிரம் மைல் வண்டி ஓட்டி வருகிறோம். அந்த அமைதியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தால், ‘டிக்’. எனக்குக் கோபம் வருகிறது. வெளியே இத்தனை பெரிய அமைதி இருக்க, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் மட்டும் சத்தம்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். இது இயல்பான சத்தம்தான், குறை இல்லை என்று பதில் வந்தது. மெஷினைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தவர் ஒரு இரவாவது அந்தக் கட்டிலில் படுத்திருப்பாரா என்பதுதான் என் கேள்வி. அதே நீளத்தில் மற்ற டிரெய்லர்களில் சமையல் மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். இடம் இல்லாமல் இல்லை.

சத்தத்தோடு பேட்டரிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. விசிறி 12 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். குளிர் இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் பேட்டரியின் கொள்ளளவில் 40 ஆம்பியர்-அவர் போய்விடும். 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. குளிரில் அந்தப் பாதியும் குறையும். ஆக, ஒரு பேட்டரியோடு வருகிற டிரெய்லரை வாங்கிக்கொண்டு, இணைப்பு இல்லாத இடத்தில் நிறுத்தினால், விடியும் முன்பே விசிறி தளர ஆரம்பிக்கும்.

விசிறி தளர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்த வருடம் தெரிந்தது. குவார்ட்ஸைட்டை ஒட்டிய லா போஸாவில் நின்றிருந்தோம். அரசின் நில மேலாண்மைத் துறை நடத்தும் நீண்டநாள் தங்கும் இடம் அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் சேர்த்து நாங்கள் கட்டியது 180 டாலர். நாலு மணி இருக்கும், மனைவி எழுப்பினாள். “ஏங்க, காத்து ஜில்லுன்னு வருதுங்க.” விசிறி ஓடுகிறது, ‘டப்’ சத்தம் இல்லை. கொஞ்சம் ஓடி நிற்கிறது, மறுபடி முயற்சி செய்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் உள்ளே மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் வாரிக்கொண்டு போனது. அணைத்துவிட்டு, இருக்கிற போர்வையை எல்லாம் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். பேட்டரி நன்றாகவே இருந்த இரவுகளிலும் அப்புறம் இப்படியே நடந்ததால் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

காரணம் ‘செயில் சுவிட்ச்’ என்கிற பொருள். விசிறிக் காற்று போதுமான வேகத்தில் வருகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. ஒரு மெல்லிய தகடு, அதன் காம்பு ஒரு சின்ன சுவிட்சின் மேல். காற்று தள்ளினால் தகடு சாயும், சுவிட்ச் மூடும், அப்போதுதான் கேஸ் திறக்க அனுமதி. விசிறி வேகம் குறைந்தாலோ தகடு ஒட்டிக்கொண்டாலோ தீ பற்றாது. பாதுகாப்புக்காக வைத்தது, நல்ல ஏற்பாடுதான். மெக்கானிக் அதை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தகட்டின் ஓரத்தில் பொடி மணல் பஞ்சுத்தூசியோடு சேர்ந்து பிடித்திருந்தது. காம்பைச் சுற்றி ஒரு நீளமான நரைமுடி, நூல் சுற்றின மாதிரி இரண்டு மூன்று சுற்று. படுக்கைக்கு அடியில் இருந்துகொண்டு காற்றை உறிஞ்சுகிற பெட்டிக்குத் தூசியும் முடியும் போகாமல் எங்கே போகும்? சுவிட்சின் விலை அதிகமில்லை. அதை எட்டுவதற்குத்தான் மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி, கேஸ் குழாயைப் பிரித்து, முழுப் பெட்டியையும் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. கூலி பல மடங்கு ஆனது. வந்தவர் பொறுமையான மனிதர், வேலை சுத்தம். அவரைப் பற்றிக் குறை இல்லை.

இனி அந்தப் பர்னஸுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நியூ மெக்சிகோவில் போஸ்கே டெல் அபாச்சே என்ற பறவைகள் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாண்ட்ஹில் கொக்குகளும் பனி வாத்துகளும் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் இடம். கடல்மட்டத்திலிருந்து 4,500 அடி. அவை விடியலில் தண்ணீரிலிருந்து மொத்தமாக எழும்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டிலேயே போய் நிற்க வேண்டும். அங்கே இரவில் 20 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனது. பக்கத்தில் நின்றவருக்குக் குழாய் உறைந்து வெடித்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பர்னஸின் சூடான காற்றில் ஒரு பங்கு கீழே டேங்குகளுக்கும் குழாய்களுக்கும் போகிறது. இந்தக் காரியத்தை, அறைக்குள் தனியாக வாங்கி வைக்கும் எந்த ஹீட்டரும் செய்யாது.

அதோடு, எரிவதற்கான காற்றை இது வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடுகிறது. சத்தமே இல்லாத சின்ன புரொப்பேன் ஹீட்டர்கள் கடையில் கிடைக்கின்றன, நிறைய பேர் வைத்திருக்கிறார்கள். அவை அறைக் காற்றையே எரிக்கும், ஈரத்தை உள்ளேயே விடும், கார்பன் மோனாக்சைடு பயமும் உண்டு. விழித்திருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். தூங்கும்போது நான் அதைப் பற்றவைக்க மாட்டேன்.

என் மனைவியின் கட்சி வேறு. தோசை மாவு இந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் பொங்காது. பர்னஸுக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குள் அவள் மாவுப் பாத்திரத்தை மூடி வைக்க ஆரம்பித்தாள். சூடு நேராகப் படாமல், கதகதப்பு மட்டும் எட்டும் இடம். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. சாகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, முறுகலான தோசை. பக்கத்து வண்டி மினசோட்டாக்காரர்கள் வாசனை பிடித்து வந்து இப்போது பொடி செய்முறை வரை கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பர்னஸை நான் திட்டினால், “மாவை மறந்துடாதீங்க” என்கிறாள் அவள். தலையணைக்குக் கீழே அதைத் தாங்குகிறவளே அவள்தான் என்பதால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

சத்தத்துக்கும் பேட்டரித் தொல்லைக்கும் செய்தவற்றில் உருப்படியானவை இரண்டு. பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றினேன். கிட்டத்தட்ட கடைசிவரை வோல்டேஜ் அதிகம் இறங்காததால் விசிறி தளராது. ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது, ஆகையால் அதை வண்டிக்கு உள்ளே வைத்திருக்கிறேன். அடுத்தது, உயரம் பார்த்துப் பயணம் போடுவது. ஆயிரம் அடிக்கு மூன்று முதல் ஐந்து பாரன்ஹீட் வரை குறையும். குவார்ட்ஸைட் 900 அடிகூட இல்லை, டூசான் 2,400. ஜனவரியைத் தாழ்ந்த இடங்களில் கழித்துவிட்டு மார்ச்சில் மேலே ஏறினால் பர்னஸ் ஓடும் நேரம் பாதியாகிறது. தலைமாட்டை மாற்றிப் படுத்தும் பார்த்தோம். பல இடங்களில் அது வடக்கே தலைவைப்பதாக ஆகிவிடும், அதற்கு என் மனைவி சம்மதிக்க மாட்டாள். இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தும்போதே திசை பார்த்துத்தான் நிறுத்துகிறோம்.

டல்லஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, உங்க மாடலே பழசு ஒண்ணு நல்ல விலைக்கு வருது, எடுத்துடலாமா?” மேலே எழுதியதைக் கூட்டிக் கழித்தால் எடுக்கலாம் என்றுதான் வரும். ஒழுகாத கூரை, ஓடுகிற ஃபிரிட்ஜ், உறையாத குழாய். ஆனாலும் என் பதில், வேண்டாம் தம்பி. நாங்கள் இதை விற்கப்போவதில்லை, நவம்பரில் இதிலேதான் கிளம்புவோம். நீங்கள் வேறு பாருங்கள். எதைப் பார்க்கப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் போய்ப் படுங்கள், வீட்டம்மாவையும் படுக்கச் சொல்லுங்கள். விற்பவரிடம் தெர்மோஸ்டாட்டை 75-க்கு ஏற்றச் சொல்லிவிட்டு, யாரும் பேசாமல் கால் மணி நேரம் அப்படியே படுத்திருங்கள். அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.