சிபிடியா, உறவை மையமாக்கும் தெரபியா?

“மீட்டிங்கில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. பேசினாலும் யாரும் மதிக்கப் போவதில்லை.” இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் கவுன்சலரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன உதவி கிடைக்கும் என்பது அந்தக் கவுன்சலர் எந்த வழியில் பயின்றவர் என்பதைப் பொறுத்தது.

சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் உருவாக்கினார். இதில் பயின்றவர் அந்த எண்ணத்தையே கையில் எடுப்பார். ‘யாரும் மதிக்க மாட்டார்கள்’ என்பதற்கு எது ஆதாரம், எது எதிர் ஆதாரம் என்று எழுதச் சொல்வார். அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு கருத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டு, நடந்ததைக் குறித்துவரச் சொல்வார். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள். ஆய்வு ஆதாரம் மிக வலுவானது. இங்கிலாந்து 2008இல் பேச்சுச் சிகிச்சையை அரசு மருத்துவச் சேவையில் பரவலாக்கத் தொடங்கியபோது முதன்மையாக நம்பியதும் இதைத்தான்.

சரி, அந்தப் பெண் எழுதிய ஆதாரம் அவர் எண்ணத்தையே உறுதிப்படுத்தினால்? அவர் சொன்னபோது கண்டுகொள்ளாத மேலாளர், அதையே பக்கத்து நாற்காலி ஆண் சொன்னதும் பாராட்டுகிறார். நல்ல சிபிடி நிபுணர் இதைத் தட்டிக்கழிக்க மாட்டார். பிரச்சினையை எப்படிக் கையாளலாம் என்ற பக்கம் திரும்புவார். ஆனாலும் மாற வேண்டியது அந்தப் பெண்தான் என்ற சாய்வு அந்த முறையின் அமைப்பிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

உறவை மையமாக்கும் தெரபியான உறவு-பண்பாட்டுச் சிகிச்சை வேறு இடத்தில் தொடங்குகிறது. ஜீன் பேக்கர் மில்லர் என்ற மனநல மருத்துவர் பெண்களின் உளவியல் பற்றி 1976இல் ஒரு நூல் எழுதினார். பிறகு மாசசூசெட்ஸில் வெல்லெஸ்லி கல்லூரியின் ஸ்டோன் மையத்தில் ஜூடித் ஜோர்டன், ஐரீன் ஸ்டைவர், ஜேனட் சர்ரி ஆகியோருடன் சேர்ந்து இந்தச் சிந்தனையை வளர்த்தார். உறவுக்கு ஏங்குகிறவர்களே, காயப்பட்ட பழக்கத்தால், தங்களில் பாதியை மறைத்துக்கொண்டு உறவுக்குள் வருகிறார்கள் என்பது இவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. அதனால் மௌனத்தைக் கோளாறாகப் பார்ப்பதில்லை. முன்பு பேசியபோது என்ன நடந்தது, பேசாமல் இருந்தது உங்களை எதிலிருந்து காப்பாற்றியது, அந்த அறையில் யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று கேட்பார்கள். கவுன்சலரும் கல்லாக உட்கார மாட்டார். கேட்டது தன்னைப் பாதித்தால், அது முகத்தில் தெரிய விடுவார். தான் சொன்னது தவறாகப் பட்டிருந்தால் அதை ஒப்புக்கொண்டு சரிசெய்வார். எதிரில் இருப்பவர் தன் பேச்சால் அசைகிறார் என்பதை நேரில் காண்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

இதற்கும் குறைகள் உண்டு. தொடக்கத்தில் இது படித்த வெள்ளைப் பெண்களின் அனுபவத்தையே எல்லாருக்குமானதாகப் பேசியது. விமர்சனம் வந்த பிறகுதான் இனம், வர்க்கம், பாலீர்ப்பு எல்லாம் உள்ளே வந்தன. சிபிடி அளவுக்கு ஆய்வுகளும் இல்லை. எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம். கட்டணம் கொடுக்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. பயிற்சி போதாத கவுன்சலரிடம், அவருடைய உணர்ச்சியையும் நாமே சுமக்கும் நிலை வரலாம்.

இன்னும் ஒரு படி போனவர்கள் நியூசிலாந்தில், லோயர் ஹட் நகரின் ஃபேமிலி சென்டர் என்ற சிகிச்சை மையத்துக்காரர்கள். வீட்டு வசதியின்மையும் வறுமையும் நோயாக வந்து நிற்பதைக் கண்டு, சிகிச்சையோடு கொள்கை ஆய்வையும் கையில் எடுத்தார்கள். மவோரி எனும் பூர்வகுடியினர், சமோவா தீவினர், வெள்ளையர் என்று பிரிவுகள் வைத்து, வெள்ளையர் பிரிவு மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

என் தேர்வு இது: திடீர்ப் பீதி, குறிப்பிட்ட பயங்கள், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்றால் தயங்காமல் சிபிடி. ஒதுக்கப்பட்டும் அடக்கப்பட்டும் வந்த வலி என்றால், மேலே சொன்ன பெண்ணுக்குப் போல, உறவை மையமாக்கும் கவுன்சலர். பெயர்ப்பலகையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் அமர்விலேயே, “நீங்கள் சொல்வது என்னைக் காயப்படுத்தினால் உங்களிடமே சொல்லலாமா?” என்று கேளுங்கள். அதற்கு அவர் நெளிந்தால், வேறு ஒருவரைத் தேடலாம்.