கட்டைவிரலா, டவுன் பஸ்ஸா? அமெரிக்காவைக் குறுக்கே கடக்க இரண்டு வழிகள்

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஏறினால் ஆரஞ்சு கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 1-ஆம் நம்பர் பஸ் கடலை ஒட்டியே ஓடி சான் கிளெமென்டேயில் கொண்டுபோய் விடும். சான் டியேகோ பக்கம் போக அடுத்த டவுன் பஸ் ஓஷன்சைடில்தான் கிடைக்கும். நடுவில் சுமார் 27 கிலோமீட்டர் கடற்கரையை கேம்ப் பெண்டில்டன் மரைன் படைத்தளம் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ரயிலில் தாண்டலாம். ஆனால் ‘டவுன் பஸ் மட்டும்தான்’ என்று சபதம் போட்டு வந்தவருக்குக் கடலோரப் பாதையில் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அப்படிச் சபதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விமானமும் நெடுந்தூர பஸ்ஸும் இருக்கும்போதே, ஊருக்குள் ஓடும் பஸ்களை மட்டும் மாற்றி மாற்றிப் பிடித்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பவர்கள் ஒரு பக்கம். சாலையோரம் நின்று கட்டைவிரல் நீட்டி லிஃப்ட் கேட்டே போகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் துண்டு துண்டாகச் செய்து பார்த்திருக்கிறேன். முழு நாட்டையும் எதிலும் கடந்ததில்லை.

முதலில் பஸ். இங்கே டவுன் பஸ்ஸுக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளூர் வரியிலிருந்து வருகிறது. அதனால் பஸ்ஸும் பெரும்பாலும் கவுண்டி எல்லையில் திரும்பிவிடும். பக்கத்து கவுண்டியின் பஸ் அதே ஸ்டாப்புக்கு வந்தால் அதிர்ஷ்டம். ஆரிகன் மாநிலக் கடற்கரையில் அந்த அதிர்ஷ்டம் நிறையவே உண்டு. வடக்கே ஆஸ்டோரியாவிலிருந்து தெற்கே புரூக்கிங்ஸ் வரை சின்னச் சின்ன கவுண்டி பஸ்கள் ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொட்டுக்கொள்கின்றன. ஒரே நாளில் முடியாது, ஆனால் முடியும். வடகிழக்கில் ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கேயும் சமாளிக்கலாம்.

நடு அமெரிக்காவுக்கு வந்தால் கதை வேறு. நெவாடா மாநிலத்தின் ரீனோவிலிருந்து யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்கு ஐ-80 நெடுஞ்சாலையில் 830 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாலைவனத்தைத் தாண்ட டவுன் பஸ் சங்கிலி எதுவும் கிடையாது. 1982-இல் பஸ் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய சட்டம் வந்தபிறகு, லாபமில்லாத சிற்றூர்களை நெடுந்தூர பஸ்களே கைவிட்டன. டவுன் பஸ்ஸுக்கு அங்கே என்ன வேலை?

பஸ்ஸின் இன்னொரு எதிரி ஞாயிற்றுக்கிழமை. சின்ன கவுண்டிகள் பலவற்றில் அன்று பஸ் கிடையாது, சனிக்கிழமை பாதி. சனி மாலை ஒரு சிற்றூரில் மாட்டிக்கொண்டால் திங்கள் காலைவரை அங்கேதான். கட்டணத்தில் மிச்சம்பிடித்ததெல்லாம் அறை வாடகைக்குப் போய்விடும். இன்னொன்று சில்லறை. கண்டக்டர் இல்லை; டிரைவர் பக்கத்திலுள்ள உண்டியலில் சரியான தொகையைப் போடவேண்டும், மீதி வராது. கசங்கிய ஒரு டாலர் நோட்டை அந்த உண்டியல் நான்கு தடவை துப்பியபோது, பின்னால் நின்ற பாட்டி அதை வாங்கி, தொடையில் வைத்துத் தேய்த்து, முனையை மடிப்பெடுத்து ஒரே தள்ளில் உள்ளே அனுப்பினார். அந்த உதவிக்குப் பிறகு நோட்டுகளைப் புத்தகத்துக்குள் வைத்துத்தான் எடுத்துப்போகிறேன்.

இனி கட்டைவிரல். இது ஒரு காலத்தில் நாட்டுப்பற்றாகவே பார்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, பெட்ரோலை மிச்சப்படுத்த, 1943-இல் அரசே ‘காரில் தனியாகப் போனால் நீங்கள் ஹிட்லருடன் போகிறீர்கள்’ என்று போஸ்டர் அடித்து, காரைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னது. 1956 சட்டத்தால் மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் அதிவேகச் சாலைகள் (ஐ-80 மாதிரி) நாடெங்கும் பரவின. வேகம் வந்தது, நிற்க இடம் போனது. அந்தச் சாலைகளின்மேல் நடந்துபோவதே பெரும்பாலான இடங்களில் தடை. ஆகவே சாலைக்கு ஏறும் சரிவுப் பாதையின் தொடக்கத்தில், ‘நடப்போர் நுழையக்கூடாது’ என்ற போர்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கவேண்டும். வண்டி அங்கே இன்னும் வேகமெடுத்திருக்காது. டிரைவர் நம் முகத்தைப் பார்க்க நேரமிருக்கும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வயோமிங் மாநிலம் லிஃப்ட் கேட்பதற்கான தடையை 2013-இல்தான் நீக்கியது. சிறைச்சாலை இருக்கும் வட்டாரத்தில் ‘யாரையும் ஏற்றாதீர்’ என்று போர்டே வைத்திருப்பார்கள். அங்கே நின்று பயனில்லை.

லாரிதான் எளிதில் நிற்கும் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். கம்பெனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளியாளை ஏற்றக்கூடாது என்று மத்திய விதியே இருக்கிறது. நமக்காக வேலையைப் பணயம் வைக்க எந்த டிரைவரும் விரும்பமாட்டார். என்னை ஏற்றியவர்கள் பெரும்பாலும் தனியாக ஓட்டிவந்து பேச்சுத்துணைக்கு ஏங்கியவர்கள். அது இலவசமில்லை என்பது நாலாவது மணி நேரத்தில் புரியும். ஒருவர் தன் விவாகரத்து வழக்கை நெப்ராஸ்கா மாநிலத்தின் நீளத்துக்குச் சொன்னார்.

பாதுகாப்பில் பஸ்ஸே மேல், பெண்கள் தனியாகப் போனால் இன்னும் அதிகமாக. லிஃப்ட் கேட்பதென்றால், ‘எங்கே போகிறீர்கள்?’ என்று நாம் முதலில் கேட்டுவிட வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் நம் ஊர் வேறு என்று சொல்லி நழுவலாம். ஏறுமுன் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து நண்பருக்கு அனுப்புவேன். பை டிக்கிக்குப் போகாது, மடியிலேயே இருக்கும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. சரிவுப் பாதையில் நிற்பவரைப் பார்த்து போலீஸ் வண்டி நிற்பது சாதாரணம். பதினெட்டு வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் குடியேற்றப் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். மெக்சிகோ எல்லைப் பக்கம் இன்னும் கவனம் தேவை: டெக்சாஸில் லரேடோவுக்கு வடக்கே ஐ-35-லும், சியர்ரா பிளாங்காவில் ஐ-10-லும் எல்லைக் காவல்படையின் சோதனைச்சாவடிகள் இருக்கின்றன. காரோட்டுபவரின் பையில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பகுதியில் நான் கட்டைவிரல் நீட்டமாட்டேன்.

மேற்குக் கரை, வடகிழக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பஸ் என்பேன். நடுவில் ஒன்று கட்டைவிரல், இல்லையென்றால் கௌரவம் பார்க்காமல் நெடுந்தூர பஸ் டிக்கெட். ஆனால் இரண்டும் சேரும் இடம் ஒன்று உண்டு. பெரிய நகரத்தின் நடுவில் நின்று லிஃப்ட் கேட்டால் யாரும் நிறுத்தமாட்டார்கள். நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுவிட டவுன் பஸ்ஸை மிஞ்ச ஆளில்லை. வரைபடத்தில் எந்தத் தடம் நெடுஞ்சாலைக்கு மிக அருகில் முடிகிறது என்று பார்த்து, அதன் கடைசி ஸ்டாப் வரை போய்விடுவேன்.

அப்படி ஒருமுறை கடைசி ஸ்டாப்பில் நான் மட்டும் இறங்கினேன். கையில் அட்டை, அதில் மார்க்கரால் எழுதிய ஊர்ப் பெயர். டிரைவர் அம்மா அதை வாசித்துவிட்டு, “அவ்வளவு தூரமா எழுதாதேப்பா. அடுத்த ஊர் பேரை எழுது, நிறுத்துவாங்க” என்றார். அட்டையைத் திருப்பி எழுதினேன். இருபது நிமிடத்தில் கார் நின்றது.