செக்-இன் பெட்டி: எது அடி தாங்கும், உடைந்தால் எந்த வழியில் பணம் திரும்பும்?

கடையில் சூட்கேஸ் வாங்கும்போது மேலோட்டைத் தட்டிப் பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம், தள்ளுபடி பார்க்கிறோம். விமான நிலைய பெல்ட்டில் வந்து இறங்கும்போது உடைந்திருப்பது பெரும்பாலும் சக்கரம், டிராலி கைப்பிடி, ஜிப், பக்கக் கைப்பிடி. இழப்பீடு கேட்டால் விமான நிறுவனம் முதலில் மறுப்பதும் இதே பாகங்களுக்குத்தான். அதனால் எந்தப் பெட்டி வாங்குவது, உடைந்தால் யாரிடம் கேட்பது என்ற இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அடி எங்கே விழுகிறது என்பதை முதலில் பார்ப்போம். போயிங் 737-ன் சரக்கறையில் கன்டெய்னர் கிடையாது. உயரம் குறைவான அந்த அறையில் ஊழியர்கள் முழங்காலிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளி அடுக்குகிறார்கள். ஏர்பஸ் ஏ320-ஐயும் பல நிறுவனங்கள் இப்படித்தான் நிரப்புகின்றன. பெரிய விமானங்களில் பெட்டிகள் கன்டெய்னருக்குள் போவதால் இந்தத் தள்ளுமுள்ளு குறைவு. ஆனால் அடியில் மாட்டிய பெட்டி மேலே உள்ளவற்றின் மொத்த எடையையும் சுமக்கும். இவை தவிர பெல்ட் திரும்பும் இடத்தில் சிக்குவது, சரிவில் வேகமாக இறங்கி முன்னால் நிற்கும் பெட்டியில் மோதுவது, வண்டியிலிருந்து விழுவது எல்லாம் உண்டு. இந்த அடிகளில் பெரும்பகுதி மூலைகளிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களிலும்தான் விழுகிறது.

ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், பாலிப்ரொப்பிலீன், துணி

விலை குறைந்த கடினப் பெட்டிகளில் அதிகம் வருவது ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். பளபளப்பாக இருக்கும், ஆனால் வளையாது. அழுத்தம் கூடினால் வெண்கோடு விழுந்து விரிசலாகும். குளிரில் இன்னும் சீக்கிரம் உடையும். பாலிகார்பனேட் வளைந்து மீளும். ‘பி.சி.’ என்று விற்கப்படுபவற்றில் பல, ஏ.பி.எஸ். தகட்டின் மேல் மெல்லிய பாலிகார்பனேட் படலம் ஒட்டியவை. உள்லேபிளில் ‘100 சதவீதம் பாலிகார்பனேட்’ என்று இருக்கிறதா என்று பார்த்தே அந்த விலையைக் கொடுங்கள்.

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் பெட்டிகளைத் தட்டையான தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்துச் செய்கிறார்கள். இழுபடும்போது தகடு அதிகம் மெலிவது மூலைகளில். ஆக, அதிக அடி விழும் இடமே மிகவும் மெல்லிய இடமாகிவிடுகிறது. மூலையில் தனிக் காப்பு உள்ள பெட்டிக்கு அதனால்தான் கொஞ்சம் கூடுதல் மதிப்பு. பாலிப்ரொப்பிலீன் பெட்டிகள் பெரும்பாலும் உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படுவதால், மூலையில் தடிமன் கூட்டி வைக்க முடிகிறது. தொட்டால் லேசான மெழுகுத்தன்மை தெரியும். நிறம் முழுத் தடிமனிலும் ஓடுவதால் கீறல் அவ்வளவாகக் கண்ணில் படாது. பலமுறை மடங்கி நிமிர்ந்தாலும் எளிதில் களைக்காத பிளாஸ்டிக் இது. இதன் பெரிய குறை: பசை ஒட்டாது. சூப்பர் குளூ போட்டாலும் பிரிந்துவிடும். ஏ.பி.எஸ். விரிசலை ஒட்டலாம், பாலிப்ரொப்பிலீன் பிளந்தால் அந்தப் பாதியையே மாற்ற வேண்டியதுதான்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெட்டியை மூடி, பெரிய பக்கத்தின் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். உள்வாங்கி உடனே மீண்டால் நல்லது. அழுத்தவே முடியாத விறைப்பை ‘ஸ்ட்ராங்’ என்று நினைக்க வேண்டாம். விமானத்தில் உடைவது அந்த விறைப்பு.

துணிப் பெட்டியைப் பழசு என்று ஒதுக்குபவர்கள் அதிகம். செக்-இன் பெட்டிக்கு அது இன்றும் வலுவான போட்டியாளர். துணியின் நூல் கனத்தை டெனியரில் அளக்கிறார்கள்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 600 டெனியர் பாலியெஸ்டர் சாதாரணத் தரம். 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலான் உரசலுக்கு நன்றாக நிற்கும். டெனியர் எண்ணை மட்டும் நம்பினாலும் தவறு, ஒரே எண்ணில் பாலியெஸ்டரைவிட நைலான் அதிகம் தாங்கும். துணி கிழிந்தால் பை தைப்பவரிடம் ஒட்டுப்போட்டுத் தைத்து மீண்டும் ஓட்டலாம்; கடினப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. மழையில் நனைவதும், உடையும் பொருளுக்குக் காப்பு குறைவதும் துணியின் பலவீனம். துணிமணி, செருப்பு, புத்தகம் என்றால் துணிப் பெட்டி. பாட்டில், ஊறுகாய், மின்பொருள் என்றால் பாலிப்ரொப்பிலீன்.

அலுமினியம் அழகு; பெரிய அளவுப் பெட்டி வெறுமையாகவே 6 கிலோவைத் தாண்டும். 23 கிலோ அனுமதியில் கால்வாசியைப் பெட்டிக்கே கொடுப்பது பெரும்பாலானவர்களுக்குக் கட்டாது.

எந்தக் கடினப் பெட்டியானாலும் அரைகுறையாக நிரப்பி அனுப்பாதீர்கள். உள்ளே தாங்கல் இல்லாத மேலோடு மேல்சுமையில் உள்வாங்கி விரியும். அளவுக்கு மீறித் திணித்தால் ஜிப் வாய் பிளக்கும். மூடும்போது கை எதிர்ப்பு தெரிய வேண்டும். மேலே முழங்கால் வைத்து அழுத்தும் நிலை வரக் கூடாது.

இரண்டு சக்கரமா, நான்கா?

நிலையத் தளத்தில் நான்கு சக்கரம் சுகம். அடி தாங்குவதில் இரண்டு சக்கரமே மேல். ஸ்பின்னர் எனப்படும் நான்கு சக்கர வகையில் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு சிறு சுழல் தண்டின் மேல் நிற்கிறது. பக்கவாட்டில் ஒரு மோதல் போதும், தண்டு வளையும் அல்லது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கூடு பிளக்கும். இரண்டு சக்கர வகையில் சக்கரத்தின் பாதிக்கு மேல் பெட்டியின் உடலுக்குள் பதிந்திருப்பதால் அடி உடலுக்குப் போய்விடுகிறது.

பழுது பார்ப்பதிலும் வித்தியாசம் பெரிது. இரண்டு சக்கர வகைக்கு விட்டத்தையும் அகலத்தையும் அச்சின் தடிமனையும் மில்லிமீட்டரில் அளந்து சொன்னால் பொதுவான மாற்றுச் சக்கரமே பொருந்தும். பழைய அச்சை ஹேக்சாவால் அறுத்து எடுத்து, போல்ட் அச்சு போட்டுப் புதுச் சக்கரத்தை மாட்டலாம். ஸ்பின்னரில் கூட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். ஸ்க்ரூ ஓட்டைகளின் அமைப்பு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். வாங்கும் முன் லைனிங் துணியின் ஜிப்பைத் திறந்து பாருங்கள். சக்கரம் ஸ்க்ரூவில் மாட்டியிருந்தால் அரைமணி வேலை. ரிவெட் என்றால் துளையிட்டு எடுக்க வேண்டும். லைனிங்கில் ஜிப்பே இல்லை என்றால் துணியை வெட்டித்தான் உள்ளே போக முடியும். ஸ்பின்னர்தான் வேண்டும் என்பவர்கள், அதே மாடலுக்குச் சக்கரத் தொகுப்பு தனியாகக் கிடைக்குமா என்று சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பெட்டியின் பாலியூரித்தேன் சக்கரம் ஈரப்பதத்தால் மக்கி, உருட்டிய முதல் நாளே பொடியாக உதிரும். கடலோர ஊர்களில் இது சகஜம். இதற்கு விமான நிறுவனம் பொறுப்பாகாது. கிளம்புமுன் வீட்டிலேயே சுமையோடு உருட்டிப் பாருங்கள். டிராலி கைப்பிடியை முழுக்க உள்ளே தள்ளிப் பூட்டிய பிறகே பெட்டியை ஒப்படையுங்கள். ஒரு அங்குலம் வெளியே நின்றாலும் வளைந்துவிடும்.

ஜிப்பும் கிளிப்பும்

சுருள் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனாவால் குத்திப் பிரித்து, பொருளை எடுத்துவிட்டு, இழுப்பானை ஓட்டி மறுபடி மூடிவிட முடியும். பூட்டு அப்படியே இருக்கும். இழுப்பான்களைப் பக்கக் கைப்பிடியோடு சேர்த்துப் பூட்டி ஓடவிடாமல் செய்தால், திறந்த தடயமாவது மிஞ்சும். இரட்டை அடுக்கு ஜிப் இதற்கு நல்ல தடை. கிளிப் போட்ட பிரேம் பெட்டியைப் பேனாவால் திறக்க முடியாது. ஆனால் எடை கூடும், பிரேம் லேசாக முறுக்கினால் மூடாது. விரித்துப் பெரிதாக்கும் ஜிப் உள்ள பெட்டிகளில் ஒரு பொறி உண்டு: நீளம், அகலம், உயரம் கூட்டினால் 158 செ.மீ. என்பது பல நிறுவனங்களின் எல்லை. 75 செ.மீ.க்கு மேற்பட்ட பெட்டியை விரித்தால், சக்கரத்தையும் சேர்த்து அளக்கும்போது அதைத் தாண்டிவிடலாம்.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் பலர் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி அனுப்புகிறார்கள். எடையில் இதை எந்தச் சூட்கேஸும் வெல்லாது, உடைந்தாலும் பெட்டிக்கு நஷ்டமில்லை. சிக்கல் உள்ளே இருக்கும் பொருளுக்கு. கவுன்டரில் ‘பேக்கிங் போதாது’ என்று குறித்து ‘லிமிடெட் ரிலீஸ்’ டேக்கில் கையெழுத்து வாங்கினால், பிறகு சேதம் கேட்பது கடினம். எதில் கையெழுத்திடுகிறோம் என்று கேட்டுவிட்டே இடுங்கள். துபாய் விமான நிலையம் 2017 முதல் உருண்டையான, தட்டையான பக்கம் இல்லாத மூட்டைகளை ஏற்பதில்லை. அட்டைப்பெட்டிதான் என்றால் இரட்டைச் சுவர் அட்டை எடுங்கள். எல்லா விளிம்புகளிலும் டேப் ஒட்டுங்கள், கயிற்று நுனி தொங்க விடாதீர்கள். தொங்கும் நுனிதான் பெல்ட்டில் சிக்கும்.

உடைந்துவிட்டது: ஹாலை விட்டு வெளியே போகாதீர்கள்

பெட்டியோடு ஹாலிலேயே உள்ள லக்கேஜ் கவுன்டருக்குப் போய் ‘பி.ஐ.ஆர்.’ என்ற சேத அறிக்கை பதியச் சொல்லுங்கள். அதன் எண்ணில் விமான நிலையத்தின் 3 எழுத்து, நிறுவனத்தின் 2 எழுத்து, 5 இலக்கம் இருக்கும். சென்னையில் பதிந்தால் ‘எம்ஏஏ’ என்று தொடங்கும். அறிக்கை தருமுன் ஆறு பக்கமும், உடைந்த இடம் நெருக்கத்தில், 10 இலக்க டேக் எண் தெரியும்படியும் படம் எடுங்கள். போர்டிங் பாஸ், டேக் துண்டு இரண்டையும் வைத்திருங்கள். டேக்கைப் பெட்டியிலிருந்து கிழிக்காதீர்கள்.

கவுன்டரில் ஆள் இல்லை, அல்லது வீட்டில்தான் சேதம் தெரிந்தது என்றால் கதை முடியவில்லை. சர்வதேசப் பயணத்துக்கு, விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வகுக்கும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியா 2009-ல் சேர்ந்தது. பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தால் போதும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். புகாரே கொடுக்காமல் வாங்கிக்கொண்டால் நல்ல நிலையில் வந்ததாகவே முதலில் கொள்ளப்படும். பி.ஐ.ஆர். பதிந்தாலும் அதோடு நிறுத்தாமல், அதன் எண்ணைக் குறிப்பிட்டுத் தனியே மின்னஞ்சலில் இழப்பீடு கேளுங்கள். உள்நாட்டுப் பயணத்திலும் 7 நாளைத் தாண்ட விடாதீர்கள். இரண்டு மூன்று நிறுவன விமானங்கள் மாறி வந்திருந்தால், கடைசியாகக் கொண்டுவந்த நிறுவனத்திடம் பதிவது நடைமுறை.

‘சக்கரம், கைப்பிடி சாதாரணத் தேய்மானம், எங்கள் விதியில் கிடையாது’ என்ற பதில் வரும். கீறலுக்கும் சிறு நெளிவுக்கும் அது செல்லும். முறிந்த சக்கரத்துக்கு அப்படி விடாதீர்கள். ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு, பெட்டி தங்கள் பொறுப்பில் இருந்தபோது ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. விலக்கு, பெட்டியின் சொந்தக் குறையால் நேர்ந்த அளவுக்கு மட்டும். 26-ஆம் பிரிவு, இந்தப் பொறுப்பைக் குறைக்கும் நிறுவன விதி செல்லாது என்கிறது. இரண்டு பிரிவு எண்களையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒப்படைக்குமுன் சக்கரம் முழுதாக இருந்த படம் கையில் இருந்தால் வாதம் பலப்படும். அதனால் செக்-இன் கவுன்டரில் பெட்டியை வைக்கும்போதே நான்கு படம் எடுத்துவிடுங்கள்.

நிறுவனம் பொதுவாக மூன்றில் ஒன்றைத் தரும். அங்கேயே மாற்றுப் பெட்டி தந்தால் வேலை உடனே முடியும். உங்கள் பெட்டி விலை குறைந்ததோ பழையதோ என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பெட்டி என்றால் மறுப்பது நல்லது, ஏனென்றால் ‘முழுத் தீர்வு’ என்று கையெழுத்து கேட்பார்கள். பழுது பார்த்துத் தருவது சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் ஏற்றது. மேலோடு பிளந்ததற்கு ஏற்றதல்ல. பணமாகக் கேட்டால் பில் வேண்டும், பெட்டியின் வயதுக்கு ஏற்பத் தொகையைக் குறைப்பார்கள். பில் இல்லாவிட்டால் பேரம் அவர்கள் கையில். சரிசெய்ய முடியாது என்று பழுதுக் கடையில் எழுதி வாங்கிய தாள் இங்கே மிகவும் உதவும்.

சர்வதேசப் பயணத்தின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். இந்திய உள்நாட்டுப் பயணத்துக்கு ₹20,000. இரண்டும் ஒரு பெட்டிக்கல்ல, ஒரு பயணிக்கு. நஷ்டத்தைக் காட்டினால் அந்த வரம்புவரை கிடைக்கலாம் என்பதே பொருள்.

பயணக் காப்பீட்டை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே விற்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை பெட்டி முழுக்கத் தொலைந்தாலோ தாமதமானாலோதான் தரும், சேதத்துக்குத் தராது. பாலிசியில் ‘டேமேஜ்’ என்ற சொல் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் வாரன்டியும் பொதுவாக உற்பத்திக் குறைக்கு மட்டும்தான். விமான நிறுவனம் உடைத்ததையும் சரிசெய்து தரும் பிரிக்ஸ் அண்ட் ரைலி போன்றவை அபூர்வம், விலையும் அதற்கேற்ப.

மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டாலோ, தொகை கேலிக்குரியதாக இருந்தாலோ விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டிக்கெட்டுக்குச் செலுத்திய தொகை ₹5 லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சர்வதேசப் பயணத்துக்கு வழக்குத் தொடுக்க, விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் அவகாசம். நிறுவனத்தோடு மின்னஞ்சல் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதால் அந்த அவகாசம் நீளும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.