டோ பாரில் குறை இல்லை, பேட்டரிதான் தீராத தொல்லை

டோ பார் (பெரிய வண்டிக்குப் பின்னால் காரைக் கட்டி இழுக்கும் கம்பி) விலை இறங்கியிருக்கிறது, வாங்கிவிடலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. வீடு போலவே வசதியுள்ள மோட்டார்ஹோம் வண்டிக்குப் பின்னால் டோ பாரால் சின்னக் காரைக் கட்டி, நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போவது நல்ல ஏற்பாடு. பல வருடம் பயன்படுத்திய பிறகும் டோ பாரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பின்னால் வரும் காரின் பேட்டரி என்று பேச்செடுத்தால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது. போன வாரம்தான் அதே காருக்கு இன்னொரு புது பேட்டரி போட்டாயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரை முழுசாக ஏற்றிப் போகும் டிரெய்லர் என்றால், போய்ச் சேர்ந்த இடத்தில் அதை எங்கே நிறுத்துவது என்ற கவலை. முன்சக்கரத்தை மட்டும் தூக்கி வைக்கும் டோலி என்றால், மழையானாலும் சேறானாலும் முன்சக்கரம் இரண்டுக்கும் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். டோ பாரில் இந்த வேலையே கிடையாது. பூட்டுவதற்கு இரண்டு பின் (pin), குறுக்காகப் போகும் இரண்டு சேஃப்டி கேபிள், மின் இணைப்புக்கு ஒரு பிளக், கார் கழன்று போனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் ஒரு பிரேக்அவே கம்பி, அவ்வளவுதான். பழகிய கைக்கு ஐந்து நிமிடம். டோ பாரின் கைகள் நீண்டு சுருங்கும் வகை என்றால் காரை அங்குலக் கணக்காகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதும் இல்லை. மாட்டிவிட்டு மோட்டார்ஹோமை மெதுவாக முன்னால் நகர்த்தினால் ஒரு கை 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், கொஞ்ச தூரத்தில் அடுத்த கையும். இரண்டு சத்தமும் கேட்காமல் ரோட்டில் ஏறக் கூடாது. மோட்டார்ஹோமின் ஹிட்ச்சும் (டோ பார் மாட்டும் கொக்கி) காரின் முன்னால் அதைப் பிடிக்கும் பேஸ் பிளேட்டும் உயரத்தில் 3, 4 அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் இறக்கமோ ஏற்றமோ உள்ள அடாப்டர் கட்டாயம். இல்லாவிட்டால் சடன் பிரேக்கில் காரின் மூக்கு மேலே எழும்பும், அல்லது கீழே அமுங்கும்.

இனி பேட்டரி. சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் பல கார்களில் ஸ்டீயரிங் பூட்டு விழாமல் இருக்க சாவியை 'ஏசிசி' நிலையில் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை) விட்டாக வேண்டும். அப்படி விட்டால் ரேடியோ, உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் பலவும் விழித்தே இருக்கும். இன்ஜின் ஓடாததால் உள்ளே வரும் கரண்ட் பூஜ்யம், போவது மட்டும்தான். இதற்கு மேல், டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில், சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, மோட்டார்ஹோம் பிரேக் பிடிக்கும்போது காரின் பெடலை அழுத்தும் பிரேக் பெட்டியும் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்தே குடிக்கிறது.

பெரிய திருடன் இன்னொன்று. கண்டுபிடிக்க நாளாகும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். பிரேக் பெட்டியின் கை பெடலைக் கவ்வும் இடத்தில் சீட் ஒரு பல் முன்னால் தள்ளியிருந்தால் போதும், பெடல் சில மில்லிமீட்டர் அமுங்கியே இருக்கும். பிரேக் பிடிக்காது, ஆனால் பிரேக் லைட் சுவிட்ச் விழுந்துவிடும். 21 வாட் பல்பு மூன்று என்றால் 63 வாட், அதாவது 5 ஆம்பியருக்கு மேல். சின்னக் காரில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் நாலரை மணி நேரத்தில் பாதி காலி. பகல் வெயிலில் அந்த வெளிச்சம் மோட்டார்ஹோமின் பின்பக்கக் கேமராவில் தெரியவே தெரியாது. அதனால் பெட்டியை வைத்ததும் ஒருவர் காரின் பின்னால் போய் நின்று, பிரேக் லைட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எரிந்தால் சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளுங்கள்.

பேட்டரி இறந்தால் ஸ்டார்ட் ஆகாதது சின்னப் பிரச்சினை. பிரேக் பெட்டியும் கூடவே இறந்துவிடும் என்பதுதான் பெரிய பிரச்சினை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார் பிரேக்கே இல்லாமல் முதுகில் தள்ளிக்கொண்டு வரும்.

தீர்வு இல்லாமல் இல்லை. மோட்டார்ஹோமிலிருந்து காரின் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் லைன் இழுக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒயர் நீளம் சுலபமாக 15 மீட்டர் வரும், திரும்பி வரும் எர்த் ஒயரையும் சேர்த்தால் 30. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தாலும் காருக்கு வந்து சேருவது 13. அதில் பேட்டரி இறங்காமல் நிற்கும், நிறையாது. 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.65 வோல்ட் அளவுக்குக் குறையும். இன்னும் நல்லது, குறைந்து வரும் வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் ஒரு சின்ன டிசி-டிசி சார்ஜரைக் காரின் பக்கத்தில் வைப்பது. ஃபியூஸ் இரண்டு முனையிலும் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் ஒயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். பிளக்கைக் கழற்றாமல் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டில் ஒரு பங்கு இந்த மெல்லிய ஒயர் வழியாகவும் வரப் பார்க்கும், 15 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடலாம். போனது அடுத்த ஊரில் கார் ஸ்டார்ட் ஆகாதபோதுதான் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் காலை வாருவது அந்தப் பிளக். பம்பருக்குக் கீழே தண்ணீரும் தூசியும் அடிக்கும் இடத்தில் சாக்கெட். உள்ளே பார்த்தால் லைட்டுக்கான பின்கள் பளபளவென்று இருக்கும், சார்ஜ் பின் மட்டும் பச்சை பூத்திருக்கும். எந்நேரமும் மின்சாரம் நிற்கும் பின் அதுதான், ஈரத்தில் அதுதான் முதலில் அரிக்கும். இண்டிகேட்டர் அழகாக மின்னுவதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். லைட் எரிவதை வைத்து சார்ஜ் லைனை நம்ப முடியாது. மோட்டார்ஹோம் இன்ஜினை ஓடவிட்டு, காரின் பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13-க்கு மேல் காட்டினால் லைன் உயிரோடு இருக்கிறது. 12.6-இலேயே நின்றால் பிளக்கைச் சுத்தம் செய்து, பின்னின் பிளவை மெல்லிய கத்தியால் லேசாக விரித்து, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவுங்கள். ஓய்வில் 12.2 என்றால் பேட்டரி பாதிதான். அப்படிப் பாதியில் அடிக்கடி கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, சீக்கிரமே அடுத்த பேட்டரிக்கு அலைய வேண்டியதுதான்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் காரின் கையேடு சொல்வதே சட்டம். பல ஆட்டோமேட்டிக்குகளில் ஆயில் பம்ப் இன்ஜினோடுதான் சுற்றும். இன்ஜின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே வறண்டு கருகிவிடும். அமெரிக்காவில் 2014 மாடல் வரை வந்த ஹோண்டா சிஆர்-வியை இழுக்கலாம். கியரை ஒவ்வொன்றாக மாற்றி, 'டி'யில் சில நொடி நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, 3 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். 2015-இல் சிவிடி (படிப்படியாகக் கியர் மாறாத ஆட்டோமேட்டிக்) வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. ஜீப் ராங்ளரில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டால் போதும், ஆட்டோமேட்டிக் கியர் 'பார்க்'கிலேயே இருக்கும்.

ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுக்க மடங்கி இழுபடும், டோ பாரின் கை வளையும். திரும்ப இடமில்லாத சந்தில் நுழைந்தால் அங்கேயே கழற்ற வேண்டியதுதான். வண்டி கோணலாக நிற்கும்போது டோ பாரின் பூட்டும் பின் இறுகிக்கொள்ளும். சுத்தியலால் அடிக்க வேண்டாம். முதலில் காரின் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், பிறகு மோட்டார்ஹோமை ஒரு சாண் நகர்த்தினால் பின் தானாகத் தளரும். மறுபடி மாட்டும்போது அதே ஹேண்ட்பிரேக்கை எடுக்க மறக்காதீர்கள். மறந்தால் பெரிய வண்டிக்கு அந்த இழுவை தெரியவே தெரியாது, காரின் பின்பக்க டயர்தான் புகையும். காரின் டயர்களுக்குப் பிரஷர் சென்சார் போடச் சொல்வதும் இதற்காகத்தான். பஞ்சர் ஆனாலும் முன்னால் ஓட்டுபவருக்குக் கொஞ்சமும் தெரியாது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய கார் பட்டன் ஸ்டார்ட், எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக், எலெக்ட்ரானிக் கியர். பேட்டரி செத்தால் அந்தக் காரை நியூட்ரலிலிருந்து 'பார்க்'குக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு, ஹேண்ட்பிரேக்கும் அசையாது. டோ பாரை இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: அந்தக் காருக்கு வேண்டாம், டிரெய்லர் வாங்குங்கள். சாவியும் கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கும் உள்ள மேனுவல் கியர் கார், கையேட்டில் இழுக்க அனுமதியும் இருந்தால் பேச்சு வேறு. அப்போதும் டோ பாருக்கு முன்னால் 4 சதுர மில்லிமீட்டர் ஒயரையும் ஒரு மல்டிமீட்டரையும் வாங்கி வையுங்கள்.