சீட்டு இல்லாமல் ஃப்ளூ மாத்திரை தராத மருந்துக்கடை – திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் சின்ன மெடிக்கல் இது. ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

ஐப்பசி மழையில் பையனுக்கு ஃப்ளூ காய்ச்சல், டாக்டர் ஓசெல்டாமிவிர் சிரப் எழுதினார். டாமிஃப்ளூ என்று சொல்வோமே, அதே மருந்துதான். கடைக்காரர் பவுடர் பாட்டிலில் அளந்து தண்ணீர் ஊற்றி, அடியில் கட்டி கரையும் வரை குலுக்கி, பையன் 18 கிலோ என்பதால் சிரிஞ்சில் 3.75 மில்லிக்கு நேராக நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாளும்மா. மூணாம் நாளே ஓடி விளையாடுவான், அப்பவும் நிறுத்தாதீங்க."

மறுநாள் எனக்கும் உடம்பு வலி. நாலு மாத்திரை மட்டும் கேட்டேன், தரவில்லை. இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்து, எழுதிய டாக்டர், நோயாளி, எத்தனை மாத்திரை எல்லாம் பதிய வேண்டும், பதிவை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று நோட்டையே திருப்பிக் காட்டினார். முந்தைய வருஷம் வேறொரு கடையில் எதுவும் கேட்காமல் அரை அட்டையும் கூடவே அசித்ரோமைசினும் கொடுத்தார்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது.

நாலு மாத்திரையில் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். ஃப்ளூவுக்கு இருக்கிற மருந்தே கொஞ்சம்தான் என்றார். அமன்டடின் என்று ஒன்று இருந்தது, வைரஸ் அதற்குப் பழகிப்போய் 2006இல் அமெரிக்காவிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 2007-08 குளிர்காலத்தில், ஓசெல்டாமிவிர் அதிகம் விற்காத நார்வேயில்கூட, அந்த மருந்துக்கு அடங்காத பழைய எச்1என்1 ஃப்ளூ வைரஸ் பரவியிருக்கிறது, வைரஸின் ஒரு புரதத்தில் 275ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதுதான் காரணம். அடுத்த வருஷம் அந்த வகை பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான் இருந்தது. 2009இல் பன்றிக்காய்ச்சல் வைரஸ் வந்து அதைத் தள்ளிவிட்டது, இந்தப் புதியதற்குப் பெரும்பாலும் மருந்து கேட்கிறது. 2018இல் ஜப்பானில் வந்த பலோக்சவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்திலும், சாப்பிட்ட சிலரிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், மாறிய வைரஸ் தென்பட்டிருக்கிறது. ஆக, எல்லாத் தப்பும் அரை அட்டை வாங்குகிறவர்கள் மேல்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் கையில் இருக்கிற இரண்டு மூன்று மருந்தைத் தேவையில்லாமல் விழுங்கவும் எனக்கு இனி மனசு வராது.

வெறுமனே திருப்பி அனுப்பவில்லை அவர். 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், இப்பவே டாக்டரைப் பாருங்கள் என்றார். அன்று சாயங்காலமே சீட்டோடு வந்து பத்து மாத்திரையும் வாங்கினேன்.

குறை என்றால், ஏழு மணிக்கு மேல் கூட்டம். ஒவ்வொருவருக்கும் இதே பொறுமையோடு சொல்வதால் அரை மணி நேரம்கூட ஆகும், பெரியவர்கள் உட்கார ஒரு பெஞ்சாவது போடலாம். காலையில் போனால் உடனே வேலை முடியும்.