கிலோவாட் ரேட்டா, மெட்டீரியலோடு கான்ட்ராக்டா? சோலார் சப் கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு

2024 பிப்ரவரியில் மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டம் வந்ததிலிருந்து வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் மாடிக்கு மாடி பேனல் ஏறுகிறது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்பதால் வீட்டுக்காரர்களே தேடி வருகிறார்கள். ஆர்டர் எடுப்பது திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனம், அதாவது வெண்டர். அவரிடம் சப் கான்ட்ராக்ட் எடுத்து மாடியேறி மாட்டுவது எங்களைப் போல நாலைந்து பேர் கொண்ட டீம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் போடும் ஒப்பந்தம் எங்கள் பக்கத்தில் மூன்று விதமாக வருகிறது: கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று லேபர் மட்டும், ஸ்ட்ரக்சர் (பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம்), கேபிள், எர்த்திங் எல்லாம் நாமே வாங்கிச் செய்யும் மெட்டீரியல் கான்ட்ராக்ட், நாள் சம்பளம். மூன்றிலும் வேலை பார்த்துவிட்டேன். புதிதாக டீம் கட்டும் தம்பிகள் ரேட்டை மட்டும் கேட்கிறார்கள். பணம் எந்த நாளில் கைக்கு வரும், அதுவரை யார் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதை முதலில் கேளுங்கள்.

கிலோவாட் ரேட்டில் முதல் சண்டை 'எந்தக் கிலோவாட்' என்பதில்தான் வரும். 540 வாட் பேனல் ஆறு மாட்டினால் 3.24 கிலோவாட். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் 3 கிலோவாட். வெண்டர் இன்வெர்ட்டரைக் காட்டி 3-க்குத்தான் காசு தருவார். ஒரு வீட்டில் சின்னத் தொகை. வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் ஒரு ஆளின் பல நாள் கூலி. 'மாட்டிய பேனல்களின் மொத்த வாட் கணக்குப்படி' என்று ஒரு வரி எழுதி வாங்கினால் தீர்ந்தது.

இரண்டாவது சண்டை உயரம். சத்துவாச்சாரியில் ஒரு வீடு. படிக்கட்டு குறுகல், திருப்பத்தில் பேனல் திரும்பவில்லை. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், இருபத்தைந்து கிலோவுக்கு மேல். வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி ஆறையும் இழுத்தோம். கத்திரி வெயில், தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. வீட்டம்மா வந்து, "தம்பி, தலை இடிக்காம நான் நடக்கணும்பா, மொளகா, வடாம் எல்லாம் இங்கதான் காய வைக்கிறேன்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். வெண்டரும் போனில் சரி என்றுவிட்டார். நாலு அடியில் நிற்க வேண்டிய ஸ்ட்ரக்சர் எட்டடி ஆனது. கால்களுக்குக் குறுக்குக் கம்பி, அடியில் கான்கிரீட் பீடம், கூடுதல் வெல்டிங், வெல்டிங் பட்ட இடத்திலெல்லாம் ஜிங்க் பெயின்ட். ஒன்றரை நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. பில் கொடுத்தபோது சூப்பர்வைசர் சொன்னது: "அண்ணா, அக்ரிமென்ட்ல கிலோவாட்டுக்குன்னுதான இருக்கு." அவர் சொன்னதும் உண்மை. தப்பு அந்தக் காகிதத்தில் இருந்தது. கிலோவாட் ரேட் என்றால் அது எத்தனை அடி வரைக்கும், அதற்கு மேல் அடிக்கு எவ்வளவு, எர்த்திங் குழி எத்தனை, கேபிள் எத்தனை மீட்டர் வரைக்கும் என்பது கூடவே வர வேண்டும்.

இவற்றை எழுதிவிட்டால், கையில் முதல் இல்லாத டீமுக்கு என் கணக்கில் கிலோவாட் ரேட்தான் நல்ல வழி. பொருள் வெண்டருடையது. ஜி.ஐ. பைப் விலை ஏறினாலும் நமக்குக் கவலை இல்லை. ஜிஎஸ்டியிலும் ஒரு வசதி உண்டு: இந்த மாதிரி வேலைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை, லேபர் மட்டும் செய்யும் சின்ன டீம் அதற்குள் நிற்க முடியும். மெட்டீரியலோடு எடுத்தால் நாம் வாங்கிப் போடும் இரும்பின் விலையும் நம் வரவுக் கணக்கில் ஏறும், சில மாதத்திலேயே 20 லட்சம் தாண்டிவிடும். முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான ஒரு சதவீத டிடிஎஸ்ஸும் மொத்த பில்லுக்குப் பிடிப்பார்கள், நம் லாபத்துக்கு மட்டும் அல்ல.

மெட்டீரியல் கான்ட்ராக்டில் மிச்சம் அதிகம் என்பதை மறுக்கவில்லை. நல்ல பைப்பாகப் பார்த்து வாங்கலாம், வேலையின் தரம் நம் கையில் இருக்கும். எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு. ஆனால் ஒரு முறை ஒன்பது வீட்டுக்கு ஸ்ட்ரக்சரும் கேபிளும் நான் போட்டு வேலை முடித்தேன். ஒப்பந்தத்தில் 'நெட் மீட்டர் பொருத்திய பின் 30 நாளில் முழுத் தொகை' என்று இருந்ததைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் சோலார் மின்சாரத்தையும் கணக்கிடும் அந்த மீட்டரைப் பொருத்துவது மின் வாரியம், அதில் எனக்கு ஒரு பிடியும் கிடையாது. மானியம் வேலை முடிந்து சிஸ்டம் ஓடிய பிறகு நேராக வீட்டுக்காரர் கணக்குக்குப் போவதால், பல வீட்டுக்காரர்கள் கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைக்கிறார்கள். வெண்டர் அந்தக் காத்திருப்பை அப்படியே நம் தலைக்கு இறக்கிவிடுகிறார். நாலு மாதம் ஆனது. இரும்புக் கடைக்காரர் காத்திருக்கவில்லை. வீட்டு நகை அடகுக்குப் போனது.

இதற்குச் சட்டத்தில் பிடிமானம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்; அது கையில் இருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலை முடித்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், முடித்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் முடித்த அன்றே தேதி போட்டு ஒரு சீட்டில் கையெழுத்து வாங்குகிறேன். பொருளும் வேலையும் கலந்த கான்ட்ராக்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த் தரப்பு வாதாடுவதுண்டு. லேபர் மட்டும் என்றால் அந்த வாதத்துக்கு இடம் குறைவு. கிலோவாட் ரேட் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வரி கிலோவாட் ரேட், மெட்டீரியல் இரண்டு ஒப்பந்தத்திலும் ஒளிந்திருக்கும்: 'மெயின் ஒப்பந்தத்தின் எல்லாப் பொறுப்பும் சப் கான்ட்ராக்டரையும் சாரும்.' வீட்டுக்காரருக்கு வெண்டர் ஐந்து வருஷப் பராமரிப்பு தர வேண்டும். அந்த ஒரு வரியால் அது நம் மேல் வரும். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை நாம் சரியாக அழுத்தாமல் அது உருகினால் நம் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் போர்டு போனதற்கு நாம் ஏன் ஆம்பூர் வரை வண்டி ஓட்ட வேண்டும்? மாட்டிய வேலையில் உள்ள குறைக்கு ஒரு வருஷம், அதற்கு மேல் ஒவ்வொரு விசிட்டுக்கும் தனிக் கட்டணம் என்று கேட்டு வாங்குங்கள்.

நாள் சம்பளத்தை வீட்டு வேலைக்கு நான் எடுப்பதில்லை. ஆனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் தோல் ஷெட்டுகளுக்கு அதுதான் சரி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பலகை போட்டு, விழாமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் லைஃப்லைன் கயிறு கட்டி, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்க வேண்டும். அங்கே கிலோவாட் ரேட் ஆளை அவசரப்படுத்தும். ஷீட் உடைந்தால் இருபது அடி கீழே தரை. விபத்து நடந்தால் 'முழுப் பொறுப்பும் சப் கான்ட்ராக்டருடையது' என்ற வரி தொழிலாளியின் குடும்பத்தைத் தடுக்காது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தொட்டே, வேலை கொடுத்த மெயின் ஆளிடமும் அவர்கள் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அவர் கொடுத்ததை நம்மிடம் திருப்பி வசூலிக்க வழி உண்டு. தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் யார் பெயரில், பிரீமியம் யார் கட்டுவது என்று எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஷெட்டில் ஏறுவது நம் வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது நான் ஒத்துக்கொள்வது கிலோவாட் ரேட்தான், பணம் மூன்று பங்காக: ஸ்ட்ரக்சர் நின்றதும் 40 சதவீதம், பேனலும் வயரிங்கும் முடிந்ததும் 50, மீட்டர் வந்ததும் 10. அந்தப் பத்துக்கு நான் காத்திருப்பேன். போன வாரம் குடியாத்தம் வேலைக்கு வந்த டைப் அடித்த ஒப்பந்தத்தில் உயரம் பற்றி ஒன்றுமே இல்லை. வெண்டர் எதிரிலேயே ஓரத்தில் 'ஐந்து அடி வரை, அதற்கு மேல் தனி' என்று பேனாவால் எழுதினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.