லட்லோவா, ஸ்கிப்டனா?

இங்கிலாந்தின் சந்தை நகரங்களுள் ஒன்றை மட்டும் காண ஒரு நாள் கிடைத்தால், ஷ்ராப்ஷயரின் லட்லோவுக்கும் வடக்கு யார்க்‌ஷயரின் ஸ்கிப்டனுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது எளிதன்று. இரண்டிலும் கோட்டையை ஒட்டியே சந்தை கூடுகிறது.

லட்லோ கோட்டை இன்று கூரையற்ற இடிபாடு. ஆயினும், எட்டாம் ஹென்றியின் அண்ணன் இளவரசர் ஆர்தர் 1502-இல் உயிர்நீத்த இடம் அது என்பதை அறிந்து, அங்குள்ள வட்ட வடிவத் தேவாலயத்தின் நடுவே நிற்கும்போது வரலாறு மிக அருகில் வந்துவிடுகிறது. அருகிலுள்ள புனித லாரன்ஸ் ஆலயத்தில், பாடகர் இருக்கைகளின் அடிப்புறத்தில் செதுக்கப்பட்ட இடைக்கால மரச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவற்றுக்காக மட்டுமே இவ்வூருக்குச் செல்லலாம் என்பேன்.

ஸ்கிப்டன் கோட்டையோ, உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ மூன்றாண்டு முற்றுகையைத் தாங்கி 1645-இல் பணிந்தபோதும், பின்னர் சீரமைக்கப்பட்டு இன்றும் கூரையோடு நிற்கிறது. ஆகவே மழை நாளுக்கு அதுவே ஏற்றது. லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் படகில் செல்லும் வாய்ப்பும் உண்டு.

குழந்தைகளுடன் செல்வோருக்கு ஸ்கிப்டன் பொருந்தும். கட்டடக் கலையிலும் சிற்பத்திலும் மனம் தோய்பவர்கள் தயங்காமல் லட்லோவுக்கே செல்லலாம்.